அத்தை தட்டிய தாளம்

என் அத்தைக்குக் குரல் போன வருஷம், ஊரில் எல்லோரும் அவரிடம் கத்திக் கத்திப் பேசினார்கள். போனது குரல்தானே, காது நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தையும் பாவம், தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார்.

தொண்டையில் கட்டி. ஆபரேஷன் செய்தால் உயிர் நிற்கும், குரல் நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்டையாம்பட்டியில் எங்கள் தெரு மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் கோயில் முன் நட்ட கம்பத்தைச் சுற்றி ஆடும்போது, பாடுவது எப்போதும் அத்தைதான். அவருடைய கணவர், என் மாமா, அஸ்தம்பட்டியில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாள் அத்தையை அங்கே கூட்டிப்போய், எட்டு டிராக் ரெக்கார்டரில் அந்தப் பாட்டைப் பதிவு செய்தார். பள்ளிக்கூட லீவில் நானும் கூட இருந்தேன். வேகம் பிசகாமல் பாடுவதற்காக ஹெட்போனில் டிக் டிக்கென்று ஒரு சத்தம் வைப்பார்கள். அத்தை ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார்.

"ஏனுங்க, கடியாரத்தக் காதுல கட்டிக்கிட்டு ஆத்தாளக் கூப்புட முடியுங்களா?"

மாமா அந்தச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பதிவைத் தொடங்கினார். அன்றைக்கு அத்தை எதைக் கேட்டிருந்தாலும் சரியென்றுதான் சொல்லியிருப்பார்.

ஆபரேஷன் முடிந்து நோம்பி நெருங்கியபோதுதான் வினை வந்தது. முன்பெல்லாம் மேளக்காரர்கள் அத்தையின் வாயைப் பார்த்து அடிப்பார்கள். இந்த வருஷம் பதிவு செய்த பாட்டை ஸ்பீக்கரில்தான் போட வேண்டும்; ஸ்பீக்கருக்கு வாய் ஏது? அதனால் மாமா கம்ப்யூட்டரில் தாளம் அடுக்கும் சீக்வென்சரில் மேளத்தை அமைத்தார். ரெக்கார்டரையும் அதையும் ஒரு கேபிளால் இணைத்து ஓடவிட்டார். இரண்டும் ஒன்றாகத்தான் கிளம்பின. இரண்டாவது சரணத்துக்குள், ஒரே வேகத்தில் அடித்த மேளம் ஒரு பக்கம் போயிற்று, அத்தை ஒரு பக்கம் போனார்.

மாமா குரலைத் துண்டு துண்டாக வெட்டி, மேளத்தின் மேல் பொருத்தினார். அட, கச்சிதமாக உட்கார்ந்தது! பெருமையாக அத்தையைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். அத்தை பாதியிலேயே எழுந்து வாசற்பக்கம் நடந்தார்.

"பின்ன நா என்னதாம் பண்றது? வாயத் தொறந்து சொல்லு!" என்று மாமா கத்தினார்.

கத்திய பிறகுதான் தான் கேட்டது என்னவென்று அவருக்கே உறைத்தது. அப்படியே முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தைதான் திரும்பி வந்து அவர் தலையைத் தடவிக் கொடுத்தார்.

வெட்டியதையெல்லாம் மாமா பழையபடி ஆக்கினார். குரலை மேளத்துக்கு இழுக்க வேண்டாம், மேளத்தைக் குரலின் பின்னால் நடக்கவிடலாம் என்று முடிவு செய்தார். பாட்டை ஓடவிட்டு, ஒவ்வொரு தட்டு விழும் இடத்திலும் கீபோர்டில் ஒரு கட்டையை அமுக்க வேண்டும். குரல் எங்கே ஓடியது, எங்கே நின்றது என்று கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். அதற்கு டெம்போ மேப் என்று பேர். மாமாவின் விரல் மிஷினோடு பழகிய விரல், ஒரே சீராகவே போயிற்று. நாலைந்து முறை தப்பியது. அத்தை அவர் கையை விலக்கிவிட்டுத் தானே உட்கார்ந்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் பாட, உதடு சத்தமில்லாமல் கூடவே அசைய, விரல் தட்டிக்கொண்டே போனது.

திரையில் பாட்டின் வேகத்தைக் காட்டும் ஒரு கோடு வந்தது. நடுவில் ஏறி, கடைசிச் சரணத்தில் இறங்கி இறங்கித் தரையைத் தொட்டது.

"அத்தை கடைசீல தூங்கிட்டாங்க!" என்று நான் சிரித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

"கடைசிய மட்டும் கொஞ்சம் நேராக்கட்டுமா சாமி?" என்று மாமா கேட்டார். அவர் அத்தையைச் செல்லமாகச் சாமி என்று கூப்பிட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான். அத்தை வேண்டாமென்று தலையாட்டினார்.

நோம்பி அன்று மேளம் அத்தையை விட்டு ஒரு அடிகூட விலகவில்லை. கடைசிச் சரணத்தில் குரல் மெதுவாக, மேளமும் மெதுவாக, கம்பத்தைச் சுற்றிய கால்களெல்லாம் மெதுவாகின. கூட்டத்துக்கு நடுவே அத்தை கண்ணை மூடி நின்றிருந்தார். தொண்டை வலியில்தான் அப்படி இழுத்துப் பாடியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மெதுவாகப் பாடினால் அந்தக் கடைசிப் பாட்டு முடிய இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.