கூடுதல் தாள் கேட்ட வானதி

ஃப்ரிட்ஜைத் திறப்பதற்கு முன் அதன் பக்கவாட்டில் கன்னத்தை ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார் வானதி. அந்த நேரத்தில் வீட்டார் யாரும் பேசக் கூடாது. பிறகு நிமிர்ந்து தீர்ப்புச் சொல்வார்: "கம்ப்ரசர் ஓடுது சார். குளிர்தான் வரல. என் பொழப்பு மாதிரி."

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கம் ஏசி, ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவர். ஐடிஐ படித்தவர், நாற்பதை நெருங்குகிறார். சுடிதாருக்கு மேல் கணவரின் பழைய சட்டை. ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் காஸ் சிலிண்டர் நிற்பதால் கால்களை இரு பக்கமும் அகட்டி வைத்தபடி வருவார். அழைப்பு மணி அடிக்கும் வழக்கம் இல்லை. "கடன்காரி வந்திருக்கேன்" என்று குரல் கொடுப்பார். முதல்முறை அதைக் கேட்ட என் மனைவி, நான்தான் யாரிடமோ கைநீட்டி வாங்கிவிட்டேன் என்று என்னை முறைத்தாள்.

கடன் வந்த கதையையும் அவரே சொல்வார். பூ வியாபாரிகளுக்காகக் குளிர் அறை ஒன்று கட்டினார். பாதிப் பணம் வங்கியில், மீதி செல்லதுரையிடம். செல்லதுரை பழைய இரும்பு, செம்பு வியாபாரி, வட்டிக்கும் விடுபவர். அறை திறந்த கொஞ்ச நாளில் ஊரடங்கு வந்தது. கோயில் இல்லை, கல்யாணம் இல்லை, பூ வாங்க ஆள் இல்லை. "பூ வாடலை சார், அதுல குறை சொல்ல முடியாது. நான்தான் வாடிட்டேன்."

சென்ற ஆண்டு ராணுவத்துக்கான குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் தொழில்நுட்பப் பணிக்குத் தேர்வானார். நிரந்தர வேலை. ஆனால் பாதுகாப்பு அனுமதி கிடைத்தால்தான் உள்ளே போக முடியும். அதற்கான படிவத்தில், தீராத கடன் உண்டா என்று ஒரு கேள்வி. திருவாரூர் பேருந்தில் ஓட்டுநரான கணவர் சதீஷ், 'இல்லை' என்று எழுதிவிட்டு வரச் சொன்னார். வானதி எழுத ஆரம்பித்தார். கட்டத்தில் இடம் போதவில்லை. எழுத்தரிடம் கூடுதல் தாள் கேட்டார். "கட்டுரைப் போட்டியான்னு கேட்டார் சார். இதுல மட்டும் எனக்குத்தான் முதல் பரிசுன்னேன்."

அவரைத் தெரிந்தவர் என்று என் பெயரையும் எழுதியிருந்தார். விசாரிக்க வந்த காவலர், எத்தனை நாளாகப் பழக்கம் என்று கேட்டார். பதற்றத்தில் எங்கள் ஃப்ரிட்ஜின் நோய் வரலாற்றை முழுவதும் சொல்லிவிட்டேன். பொறுமையாகக் கேட்ட அவர், புது ஃப்ரிட்ஜ் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

கிடங்கு வேலைச் செய்தி செல்லதுரைக்கும் எட்டியது. அவர் வானதியைத் தேடி வந்தார். கிடங்கில் பழைய இயந்திரங்களை ஏலம் விடும்போது, உள்ளே என்ன மதிப்புப் போட்டிருக்கிறார்கள் என்று முன்கூட்டியே சொன்னால் போதும், வட்டி முழுவதையும் தள்ளுபடி செய்துவிடுகிறேன் என்றார். வானதி யோசித்துச் சொல்வதாகக் கூறி அனுப்பிவைத்தார். "பொய் சொல்லல, நெசமாவே யோசிச்சேன் சார். ரெண்டு நாளா சோறு இறங்கல. படிவத்துல அந்தக் கடன் கேள்விய எதுக்கு வச்சிருக்காங்கன்னு அப்பத்தான் புரிஞ்சுது. முடியாதுன்னு சொல்லிட்டேன்."

நேர்காணலில் அதிகாரி கூடுதல் தாளைப் புரட்டிவிட்டு நேராகவே கேட்டார்.

"இவ்வளவு கடன் இருக்கு. நாளைக்கு உங்களை யாராவது விலைக்கு வாங்கினா என்ன பண்ணுவீங்க?"

"ஏற்கெனவே கேட்டுட்டாங்க சார். வட்டி அளவுக்குத்தான் விலை வச்சாங்க. அசலுக்குக்கூட நான் தேறல."

அதிகாரி சிரிக்கவில்லை. யார், என்ன கேட்டார் என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார். வானதி ஒன்றையும் மறைக்கவில்லை. முடிவாக, அனுமதி இப்போதைக்கு இல்லை என்றார்கள். கடன் இருப்பது குற்றம் இல்லை, அடைக்க வழி செய்யாமல் போட்டு வைத்திருப்பதுதான் சிக்கல், ஏற்பாடு செய்துகொண்டு மறுபடி வாருங்கள் என்று அந்த அதிகாரியே விளக்கினாராம். பணியிடம் அதுவரை காத்திருக்குமா என்பதற்கு மட்டும் அவரிடம் உறுதி இல்லை.

அன்று எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தியவர் இறங்கவில்லை. "உண்மையச் சொன்னா உடனே வேலை குடுத்துடுவாங்கன்னு நெனச்சேன் பாருங்க" என்றார். அன்று அவர் குரலில் கிண்டல் இல்லை.

மறுநாள் வங்கிக்குப் போய் மேலாளர் முன்னால் உட்கார்ந்தார். பல வருடமாக அந்தத் தெருவையே தவிர்த்துச் சுற்றுவழியில் போனவர். மாதத் தவணைக்கு ஒப்புக்கொண்டார்கள். குளிர் அறை இயந்திரங்களை விற்றார். கும்பகோணம் கல்யாண மண்டபங்களின் ஏசி வேலைகளையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டார். செல்லதுரைக்கும் மாதம் ஒரு தொகை என்று பேசி, எழுதி வாங்கினார். ஏல விவரம் கேட்ட ஆளுக்கு எதற்குக் கொடுக்க வேண்டும் என்றேன். "அவரு தப்பாக் கேட்டாரு. அதுக்காக நான் வாங்கினது இல்லாமப் போயிடுமா?" என்றார்.

குறுவை அறுப்பு முடிந்த சமயம் அனுமதி வந்தது. இப்போது கழுத்தில், புகைப்படம் ஒட்டிய நுழைவு பாஸோடுதான் கிடங்குக்குப் போய் வருகிறார். புகைப்படத்தில் இருப்பது தப்பி ஓடிய கைதி என்று அவரே அறிமுகம் செய்வார். போன வாரம் மாலை அவரைக் கீழவாசலில் பார்த்தேன். மாதத் தொகையைக் கொடுக்க, செல்லதுரை கடைக்கு எதிரே ஸ்கூட்டியை நிறுத்தினார். கழுத்திலிருந்து பாஸைக் கழற்றி, பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். அதன் பிறகுதான், கடன்காரியாக மட்டும், கடைப் படியில் கால் வைத்தார்.