டிகிரிக்கு ஒரு சண்டை வேண்டும்

"அண்ணே, இந்த அடுக்கை நீங்க இங்க கொண்டாந்து வச்சது ரொம்பத் தப்பு" என்று சொல்லிவிட்டு, இடுப்பில் கையை ஊன்றி, முகத்தைக் கடுகடுவென்று ஆக்கிக்கொண்டு நிற்கிறாள் டிகிரி.

"ஆமாம்மா, தப்புதான்." சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டும் அண்ணன் சிரித்தபடி பெட்டி அடுக்கைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கிறார்.

"உடனே ஒத்துக்காதீங்கண்ணே!"

"சரிம்மா. ஒத்துக்கல."

கொஞ்ச நாளாகக் காலையில் குடோன் திறந்ததும் இதுதான் நடக்கிறது. லாரியில் ஏறும் சரக்கைச் சரிபார்ப்பது அவள் வேலை. அங்கே பட்டம் வாங்கியவள் அவள் ஒருத்திதான் என்பதால் லோடு ஏற்றுகிறவர்கள் வைத்த பெயர் டிகிரி. அதே கம்பெனியின் தலைமை அலுவலகத்தில், சரக்குப் போக்குவரத்தைக் கற்றுக்கொடுத்து அதிகாரியாக்கும் பட்டதாரிப் பயிற்சித் திட்டம் ஒன்று இருக்கிறது. படிப்பு முடித்து மூன்று வருடத்துக்குள் சேர வேண்டும். அவளுக்கு இது மூன்றாவது வருடம்.

அறிவுக்குக் குறைச்சல் இல்லை. வீட்டு ஃபிரிட்ஜிலேயே முதலில் வந்த பால் முன்னால், பிறகு வந்தது பின்னால் என்று அடுக்கிவைத்து, மாற்றி எடுத்தால் துடித்துப்போவாள். "ஒரு டம்ளர் பாலுக்கு அதோட பூர்வீகமெல்லாம் விசாரிக்கணுமா?" என்பாள் அம்மா. மகள் கதவைச் சாத்திக்கொண்டு, போனைப் பருப்பு டப்பாவில் சாய்த்து, "என் பலம் பொறுமை" என்று நேர்முகத்துக்கு ஒத்திகை பார்ப்பாள். வெளியிலிருந்து பதில் வரும்: "அந்தப் பொறுமைசாலி ஊற வச்ச துணி ரெண்டு நாளா ஊறுது!"

அவளைக் கவிழ்த்தது ஒரே கேள்விதான். 'உடன் பணிபுரிபவரோடு ஏற்பட்ட மோதலை எப்படித் தீர்த்தீர்கள்?' பேருந்தில் யாராவது காலை மிதித்தால், "சாரி, என் கால் அங்க இருந்துடுச்சு" என்கிற பெண் மோதலுக்கு எங்கே போவாள்? முதல் வருடம், "நான் யாரோடும் சண்டை போட்டதில்லை" என்றாள். அனுபவம் போதாது என்று கழித்துவிட்டார்கள். இரண்டாம் வருடம் ஒரு முரட்டு ஆசாமியைக் கற்பனையில் உருவாக்கிக்கொண்டு போனாள். அவர்கள் துருவித் துருவிக் கேட்கக் கேட்க அந்த ஆசாமிமேல் இரக்கம் வந்துவிட்டது. "பாவம் சார், அவருக்கு வீட்ல ஏதோ பிரச்சனை" என்று அவன் கட்சியில் சேர்ந்துகொண்டாள். அந்த வருடமும் போயிற்று.

இந்த முறை அசல் சண்டையே போட்டுவிடுவது என்று தீர்மானம். கடைசியில் அண்ணனிடம் விஷயத்தை உடைத்தே சொன்னாள். அவர் டீயைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எதைப் பத்திம்மா சண்டை?"

"லாரியில தலையணையை முதல்ல ஏத்தறதா, வாஷ்பேசினை முதல்ல ஏத்தறதான்னு."

"நான் எந்தக் கட்சி?"

"தலையணை."

"சரி. கத்தலாமா?"

"கத்துங்கண்ணே."

முதலில் சுவாரசியமில்லாமல்தான் கத்தினார். பிறகு சூடு பிடித்துவிட்டது. லோடு ஏற்றுகிறவர்கள் இரண்டு கட்சியானார்கள். சம்பந்தமே இல்லாத ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து வாஷ்பேசினுக்காகத் தொண்டை கிழியக் கத்தினார். பிறந்ததிலிருந்து அடக்கிவைத்த கோபமெல்லாம் டிகிரிக்கு உச்சந்தலையில் ஏறியது. "உங்க வண்டி ஒரு ஓட்டை டப்பா! அது போடற சத்தத்துல மனுஷனுக்குப் பைத்தியம் பிடிக்குது!"

அண்ணன் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார்.

"என்னைச் சொல்லு. வண்டியைச் சொல்லாத."

சண்டை அருமையாக அமைந்துவிட்டது. தீர்வதற்குத்தான் வழியில்லை. மறுநாள் அவர் பக்கத்தில் போய் நின்றாள். "அண்ணே, சாயங்காலம் வீடியோ இண்டர்வியூ. அதுக்குள்ள நாம சமாதானம் ஆகியாகணும்."

"அது மனசுல இருந்து வரணும்லம்மா? நீ சொல்ற நேரத்துக்கு வருமா?" அவள் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தார். சமாதானம் மட்டும் ஆகவில்லை.

அன்று மாலை கேள்வி கேட்க எதிரில் ஆளில்லை; திரையில் அவள் முகமும் ஓடுகிற கடிகாரமும்தான் இருந்தன. கேள்வி வந்தது. 'மனம்விட்டுப் பேசித் தீர்த்துக்கொண்டோம்' என்று மனப்பாடம் செய்திருந்தாள். வாயைத் திறந்தால் வேறு வந்தது. "இன்னும் தீரலைங்க. தப்பு என்மேலதான். இந்த வேலைக்காக நானே போய்ச் சண்டை இழுத்தேன். அவரோட வண்டியைத் திட்டிட்டேன்." அதற்குமேல் அழுகைதான். நேரம் முடிந்ததும் திரையில் வண்ணக் காகிதங்கள் பறந்தன: 'அருமை! உங்கள் பதில் பதிவாகிவிட்டது!'

அம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். "யாரோடடி சண்டை போட்டே?" குரலில் கவலையைவிடப் பெருமைதான் அதிகம்.

பயிற்சிக்கு அவளை எடுத்துக்கொண்டார்கள். மோதலை நேர்மையோடு அணுகுகிறாராம். லோடு ஏற்றுகிறவர்கள் அவளைத் தலையணைக் கட்டின்மேல் உட்காரவைத்துக் கை தட்டினார்கள். அண்ணன் மட்டும் அந்தக் கோடியில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இறங்கிப் போனாள்.

"எடுத்துட்டாங்கண்ணே."

"கேள்விப்பட்டேன். நல்லா இரும்மா." தலை நிமிரவில்லை.

"மன்னிச்சுடுங்கண்ணே."

"என்கிட்ட எதுக்கு? நீ திட்டினது இதை." துணியால் வண்டியைக் காட்டினார்.

டிகிரி திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் சட்டென்று கூரையை ஆராயத் தொடங்கினார்கள். 'நீ' என்பதா, 'நீங்க' என்பதா என்று ஒரு கணம் குழம்பிவிட்டு, வண்டியின் முன்னால் குனிந்தாள்.

"கோவத்துல சொல்லிட்டேங்க. உங்க சத்தம் ஒண்ணும் அவ்வளவு மோசமில்ல."

அண்ணன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். தடதடவென்று குடோனே அதிர்ந்தது. அவர் நெம்புகோலை மெதுவாக இழுக்க, உயரத்தில் நின்ற இரும்புக் கரங்கள் இரண்டும் இறங்கி இறங்கி, அவள் செருப்புக்கு முன்னால் தரையைத் தொட்டன.