‘ஏ’ என்று இழுக்கும் பெட்டி

இந்துலிஸ் அல்சுங்கா என்ற ஊரின் பால் பண்ணையில் குளிரூட்டும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர். அதன் முனகலைப் பதிவுசெய்து, கணினியில் நீட்டி இழுத்து, வார்த்தையும் தாளமும் இல்லாத இசையாக்கி ஒரு பெட்டியில் வாசிப்பார். பதினெட்டு வருடத்தில் ஏழு இசைத்தட்டுகள். ஜப்பானிலிருந்து யார் யாரோ கேட்டுக் கண் கலங்கியதாக எழுதினார்கள். சொந்த ஊர் மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊரே பாடுகிற இடத்தில் வாயைத் திறக்காதவனுக்கு என்ன மரியாதை? ‘ஃப்ரிட்ஜ் பாட்டு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் பெட்டியைத் திறந்தாலே மனைவி ஸைகா பாட்டுக்குழுப் பயிற்சிக்குக் கிளம்பிவிடுவாள்.

தலைநகர் ரிகாவில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம் அவரை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஊரை விட்டுப் போக அவருக்கு மனமே இல்லை. சனிக்கிழமை கலாச்சார மன்றத்தில் ஒரே ஒரு கச்சேரி. அதற்கும் ஊர் வராவிட்டால் மூட்டை கட்டிவிடுவது என்று முடிவு செய்தார்.

சனிக்கிழமை அரங்கம் காற்று வாங்கியது. சாவி வைத்திருந்த பெண்தான் காரணத்தைச் சொன்னாள்: அன்று வெல்டாவின் பெயர்நாள், நாட்காட்டியில் அவள் பெயர் போட்டிருக்கும் நாள். பெயர்நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. நினைவிருப்பவர்கள் தாமாகப் போய் நிற்பார்கள். பாட்டுக்குழுத் தலைவி வெல்டாவை மறக்க ஊரில் யாருக்குத் துணிச்சல் உண்டு? நாட்காட்டியைப் புரட்டாமல் தேதி குறித்த இந்த மகானுக்குத்தான்.

போகாவிட்டால் அது வேறு பொல்லாப்பு. ஐந்து பூக்களை வாங்கிக்கொண்டு அவள் வீட்டு வாசலில் போய் நின்றார். வெல்டா அவர் காரில் இருந்த பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

“ஏம்ப்பா, அந்தப் பெட்டியை மட்டும் ஏன் வெளியில நிக்க வெச்சிருக்க? அதுக்கும் பசிக்கும். தூக்கிட்டு வா.”

சோம்புப் பாலாடைக்கட்டித் தட்டுகளை ஒதுக்கிப் பெட்டியை வைத்தார்கள். வாசித்தார். யாரும் அசையவில்லை. தொலைந்தோம் என்று நினைத்தார்.

அந்த ஊர்ப் பாட்டில் ஒருத்தி வார்த்தை சொல்வாள், மற்றவர்கள் அடியில் ‘ஏ’ என்று மூச்சு விடாமல் இழுப்பார்கள். பெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. வெல்டா அந்த இழுப்பின் மேல் குரலை ஏற்றிப் பாடினாள்:

“இந்துலிஸ் வளர்க்கிறான் பெட்டித் தேனீ,
கொட்டவும் தெரியாது, தேனும் இல்லே,
ஊரு கரண்ட்டைக் குடிச்சிப்புட்டு
உறுமிக்கிட்டுக் கிடக்குது மூலையிலே!”

வீடு அதிரச் சிரித்தார்கள். வேண்டியவர்களைத்தான் இப்படிக் கேலிப்பாட்டில் இழுப்பார்கள். வெளியாளுக்குக் கைகுலுக்கலோடு சரி. இந்துலிஸ் பெட்டியின் சுருதியைக் கொஞ்சம் இறக்கி வெல்டாவின் குரலோடு சேர்த்தார். அந்தச் சுருதியைப் பிடித்துக்கொண்டு முதலில் ‘ஏ’ என்று இழுத்தவள் ஸைகா.

கிளம்பும்போது வெல்டா சொன்னாள்: “இழுக்க ஆள் பத்தல. வியாழக்கிழமை பயிற்சிக்குப் பெட்டியோட வந்துரு.”

காரில் ஸைகா கேட்டாள்: “ரிகாவுக்கு என்ன பதில் சொல்லப்போற?”

“எப்படிப் போறது? வியாழக்கிழமை எனக்கு வேலை இருக்கே.”