கயலை விட்டுவிட்டு எப்படிப் போவது?

போன ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டில் இருந்தேன். இறால் வாங்கவா என்று கேட்காதீர்கள்... அதுவும் வாங்கினேன். ஆனால் போனது தேவகியைப் பார்க்க.

கல்லூரியில் என் பக்கத்து பெஞ்ச். டச்சுக்காரர் கல்லறைக்குப் பின் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் ஏரியில் மீன் பிடிக்கிறார். ஒரே மகள் கயல் — எட்டு வயது.

நான் போய் அரை மணி நேரத்தில் கயல் என் ஹேண்ட்பேக்கைத் தரையில் கவிழ்த்தாள். காயப்போட்ட வலைக்குள் புகுந்து சிக்கிக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டால், "முடியாது" என்று சொல்லிவிட்டுக் கல்லறைச் சுவர் ஏறப் போய்விட்டாள்.

திமிர் என்றது பள்ளிக்கூடம். வளர்ப்பு சரியில்லை என்றது சொந்தம். போன வருடம் சுண்ணாம்புக்குளத்தில், தேவகியின் அண்ணன் வீட்டுத் திருவிழா விருந்தில், கயல் ஓடிய ஓட்டத்தில் சாம்பார் அண்டா கவிழ்ந்தது. அத்தையிடம் மன்னிப்புக் கேள் என்றதற்கும் அதே "முடியாது"தான். அன்றோடு அம்மாவும் இருக்கிற அந்த வீடு தேவகிக்கு வீடியோ காலில் மட்டும்.

"சமைக்காம ஒரு வேள... எங்கம்மா பக்கத்துல உக்காந்து சாப்புடணும்டி. வேற இன்னா கேட்டேன்?" என்றாள்.

சென்னையில் ஒரு குழந்தைகள் டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். பள்ளியிலும் வீட்டிலும் கயல் எப்படி இருக்கிறாள் என்று பல தடவை வரவழைத்து விசாரித்த பிறகே, இது ஏ.டி.எச்.டி. என்கிற கவனக் குறைபாடு என்றாராம். தண்ணீர் எடு, சட்டை மாற்று, பையை எடு என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால், மூன்றாவதைக் கேட்கும்போது முதலாவது அவள் தலையில் இருக்காது. நாள் முழுக்கத் திட்டு வாங்குகிற குழந்தை, அடுத்த திட்டு வருமுன் தானே முந்திக்கொண்டு "முடியாது" சொல்லிவிடுகிறது!

டாக்டரிடம் தேவகி கேட்டது ஒரே கேள்வி. அப்படின்னா இவ வேணும்னு செய்யலியா? இல்லை என்று அவர் சொன்னதும் அங்கேயே அழுதிருக்கிறாள்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் போன். அடுத்த மாதம் திருவிழா. அம்மா இவளையே கேட்டுக்கொண்டிருக்கிறாராம். கயலை மட்டும் அவள் நைனாவிடம் விட்டுவிட்டு வரச் சொன்னார்.

எனக்குத் தெரியும் — அந்த வீட்டுக்குப் போகத் தேவகி எவ்வளவு ஏங்குகிறாள் என்று.

"வந்தா ரெண்டு பேரும் வர்றோம்ணா. இல்லன்னா இந்த வருசமும் வேணாம்."

வைத்துவிட்டாள். வைத்த பிறகும் கை போன் மேலேயே இருந்தது.

கயல் சேற்றுக் காலோடு ஓடி வந்தாள். தேவகி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் உயரத்துக்குக் குனிந்து தோளைத் தொட்டாள். "கால் கழுவு." அவ்வளவுதான். காத்திருந்தாள். கழுவி வந்ததும், "சமத்து. இப்ப தட்டு எடு." பாதி வழியில் வாசலில் ஏதோ பறவை... கயல் அங்கே ஓடினாள். தேவகி கத்தவில்லை. போய்த் தோளைத் தொட்டு, அதையே மறுபடி சொன்னாள். தட்டு வந்தது. அம்மாவின் முதுகில் சாய்ந்து, நின்றபடியே கயல் சாப்பிட்டு முடித்தாள்.

தினமும் இப்படி நடக்காதாம். இரண்டு நாள் நன்றாகப் போனால் மூன்றாம் நாள் ரகளை. ஆனாலும் வீட்டில் அடி நின்றுவிட்டது.

வியாழக்கிழமை தேவகி போன் செய்தாள். அண்ணன் மறுபடி கூப்பிட்டாராம். டாக்டர் சொன்னதை முழுசாகச் சொல்லச் சொல்லி, குறுக்கே பேசாமல் கேட்டாராம்.

வரச் சொன்னாரா என்றேன்.

"சொல்லல. ஆனா கேட்டாருடி..."

கயலுக்குப் புதுப் பாவாடை தைக்கக் கொடுத்திருக்கிறாள். திருவிழாவுக்கா என்று நான் கேட்கவில்லை.

தங்கை உள்ள அண்ணன்கள் யாராவது இதைப் படித்தால்... பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா என்று இன்றைக்கே ஒரு போன் போட்டுவிடுங்களேன்.