நம்ம வூடுதானுங்க

புருஷன் செத்தபின் செல்லிக்கும் மகள் கோகிலாவுக்கும் கஞ்சி ஊற்றியது இண்டூர் நிர்மலாதேவியின் தோட்டத்து வேலைதான். சேர்ந்த புதிதில் ஒருநாள் "அவங்க வூடு" என்று சொல்லிவிட்டாள். "என்னடி, பிரிச்சுப் பேசற?" என்று நிர்மலாதேவி முகம் சுளித்தாள். அன்றிலிருந்து அந்த மாடி வீடு செல்லியின் வாயில் "நம்ம வூடு" ஆகிவிட்டது.

போன ஐப்பசி மழையில் செல்லியின் மண்சுவர் வீடு சரிந்தது. தாயும் மகளும் நிர்மலாதேவியின் மாட்டுக்கொட்டகைக்கு வந்தார்கள். அங்கே சாணி அள்ளிக்கொண்டிருந்தவளிடம் நிர்மலாதேவி வியந்துபோய்ச் சொன்னாள்: "எம் பையன் இருக்கற ஜெர்மனியில, வருமானம் இல்லாதவங்களுக்கு வூட்டு வாடகையக் கவர்மெண்டே குடுக்குதாமாடி!"

இங்கேயும் கொடுக்கத்தான் வந்தார்கள். இலவச வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்த அலுவலர், மாடி வீட்டு வாசலில் நிலக்கடலை காயவைத்துக்கொண்டிருந்த செல்லியிடம், "இது யாரு வூடும்மா?" என்று கேட்டார்.

"நம்ம வூடுதானுங்க."

பழகிய வாய், பாவி வாய்! மாடி வீட்டின் முன் அவளை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீடு இருப்பவளுக்கு எதற்கு இன்னொரு வீடு? அவள் பெயரை அடித்துவிட்டார்கள்.

செல்லி நடையாய் நடந்து, கண்ணீர் விட்டுக் கெஞ்சியபின் அலுவலர் மறுபடி வந்தார். "நீங்களே சொல்லுங்கம்மா," என்று நிர்மலாதேவியைக் கேட்டார்.

நிர்மலாதேவி செல்லியின் தோளில் கைபோட்டாள். "இவ எங்க வூட்டுப் பொண்ணு மாதிரிங்க. எங்ககூடத்தான் இருக்கா. ஒரு கொறையும் வெக்கலீங்க."

அலுவலர் சிரித்தபடி செல்போனைப் பையில் போட்டார். கோகிலா வயசுக்கு வந்த பெண். கொட்டகைக்குக் கதவில்லை.

"இது எங்க வூடு இல்லீங்க!" என்று செல்லி அலறினாள். "அவங்க வூடு! நாங்க மாட்டோட படுக்கறோம், சாமி!"

தோளிலிருந்த கை விலகியது.

"ஊரு சிரிக்க வெச்சுட்டியேடி! 'அவங்க வூட்டுல' உனக்கென்ன வேலை? சாமானத் தூக்கு."

கோகிலா இரண்டு குண்டாவையும் ஒரு துணிமூட்டையையும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

இடிந்த மண்மேட்டின் மேல் இருவரையும் நிறுத்தி அலுவலர் படம் எடுத்தார். "எழுதி அனுப்பறேன். ஆனா கிடைக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாதும்மா. இன்னிக்கு எங்க தங்குவீங்க?"

செல்லி மேடு முழுக்க முளைத்துக் கிடந்த முட்செடிகளை வெறுங்கையால் பிடுங்கி, மகள் உட்கார இடம் செய்துகொண்டிருந்தாள்.