காந்தப்புயல் அன்று திரையில் தெரிந்தவன்

இது நடந்தது. 2024 மே 11, சனிக்கிழமை காலை, செஞ்சியில், எனக்கு நடந்தது. குடித்திருந்தாயா என்று கேட்கிற ஆட்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டீயைத் தவிர எதையும் தொடாதவன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள். இதை எழுத எனக்கு ஒன்றும் ஆசை இல்லை. உள்ளேயே வைத்துக்கொண்டு தூங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

என் பெயர் அன்புச்செல்வன். கல்யாணங்களுக்கு ட்ரோன் கேமரா பறக்கவிட்டு வீடியோ எடுப்பது தொழில். கூட வேலை செய்தவன் எழிலன், என் அத்தை மீனம்பாளின் ஒரே மகன், வயது இருபத்தாறு. வாய் ஓயாது. "மாப்ள, நீ மிஷின பாரு, பொண்ணு வூட்டுக்காரங்கள சிரிக்க வெக்கறது என் வேல" என்பான். சிரிக்கவும் வைத்துவிடுவான். மே 7, செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கல்யாண ஜோடியை நிறுத்திப் படமெடுக்க இடம் பார்த்துவிட்டு வா என்று அவனை அனந்தபுரம் ரோட்டோர ஏரிக்கு அனுப்பியது நான்தான். போனவன் திரும்பவில்லை. கரையில் அவன் பைக் நின்றது. பக்கத்தில் செருப்பு கிடந்தது. போன் சுவிட்ச் ஆஃப்.

அவனுக்கு நீச்சல் தெரியாது. அந்தக் கோடையிலும் நடு ஏரியில் ஆள் மட்டத்துக்குத் தண்ணீர் இருந்தது. மூன்று நாள் ஆட்கள் இறங்கித் தேடினார்கள். நானும் தண்ணீருக்கு மேலேயே ட்ரோனைச் சுற்றவிட்டேன். சேற்றில் சிக்கியிருப்பான், தானாக மிதப்பான் என்று என் காதுபடவே பேசினார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஊரே முடிவு செய்துவிட்டது. நானும்தான். அத்தை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை 5.10. அத்தை வந்து கதவைத் தட்டினார்.

"அன்பு, ஏந்திரி. எம்புள்ள தண்ணில இல்லடா. வேற பக்கம் பாக்கலாம். அந்த மிஷின ஒரே ஒரு வாட்டி தூக்கு."

போனை எடுத்துப் பார்த்தேன். ட்ரோன்காரர்கள் குரூப்பில் ஒரே செய்தி, 'கேபி ஒன்பது. இன்று யாரும் தூக்காதீர்கள்.' கேபி என்பது ஒரு மார்க். சூரியனில் வெடிப்பு கிளம்பி, அது பூமியின் காந்தத்தை வந்து உலுக்கும்போது, எவ்வளவு உலுக்குகிறது என்று போடுகிற மார்க். ஐந்தைத் தாண்டினாலே நாங்கள் பெட்டியைத் திறக்கமாட்டோம். திசைகாட்டி தடுமாறும், செயற்கைக்கோள் சொல்லும் இடம் தப்பும், ட்ரோன் தன் இஷ்டத்துக்கு ஓடும். ஒன்பதுக்கு மேல் மார்க்கே கிடையாது. இருபது வருஷத்தில் இவ்வளவு பெரிய காந்தப்புயல் வந்ததில்லை என்றும் போட்டிருந்தார்கள்.

"இன்னிக்கி வேணாம் அத்த. மிஷின் காட்டறத நம்ப முடியாது."

"நம்பறத நான் பாத்துக்கறேன். நீ தூக்கு."

அந்த முகத்துக்கு முன்னால் எப்படி மாட்டேன் என்று சொல்வது? கிளம்பினோம்.

5.38. ஏரிக்கரை. காற்றே இல்லை. தூரத்தில் செஞ்சிக்கோட்டை இருக்கும் ராஜகிரி மலை உச்சி மட்டும் லேசாக வெளுத்திருந்தது. ட்ரோனைத் தூக்கினேன். பத்தொன்பது செயற்கைக்கோள் பிடித்தது. பரவாயில்லையே என்று நினைத்தேன்.

5.46. பத்தொன்பது ஏழானது. பிறகு மூன்று. பிறகு பூஜ்யம். பீப்... பீப்... என்று ரிமோட் கத்த ஆரம்பித்தது.

பூஜ்யமானால் ட்ரோன் நிலைகொள்ளாமல் மிதக்கும். இது மிதக்கவில்லை. ஏரியை விட்டுத் திரும்பியது. எதிரே இருந்த பாறைக்குன்றைப் பார்த்து நேராகப் போனது. எந்தப் பக்கம் திருப்பினாலும் கேட்கவில்லை. ஐநூறு மீட்டர்... எண்ணூறு மீட்டர்...

5.53. தானாக நின்றது. தானாகக் கீழே இறங்கியது.

திரையில் பெரிய பெரிய உருண்டைப் பாறைகள். அப்போதுதான் வெயில் வந்திருந்தது. ஒவ்வொரு பாறைக்கும் நீளமான நிழல்.

நடுவில் ஒருவன் நின்றான்.

பச்சை டீ-ஷர்ட். எங்கள் ஸ்டுடியோ பெயர் போட்டது.

எழிலன்.

இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காகத் தூக்கியிருந்தான். படமெடுக்கும்போது எனக்குக் காட்டுகிற சைகை அது. இங்கேயே நிறுத்து என்று அர்த்தம்.

ட்ரோன் விசிறியின் காற்றில் சருகெல்லாம் பறந்தது. அவன் சட்டை அசையவில்லை.

அவனுக்கு நிழல் இல்லை.

பீப் சத்தம் நின்றுவிட்டது.

"மாப்ள..."

ரிமோட்டிலிருந்து வந்தது. அந்த ட்ரோனில் மைக்கே கிடையாது.

அத்தை என் தோளை இறுக்கிப் பிடித்தார்.

"யாருடா இப்ப மாப்ளன்னது?"

"மிஷின் சத்தம் அத்த."

"இன்னா தெரியுது? காட்டு."

திரையை என் வயிற்றோடு சாய்த்துக்கொண்டேன்.

"ஒன்னுமில்ல. வெறும் பாறை."

பயம். வேறு எந்தக் காரணமும் இல்லை. செத்தவன் கூப்பிடுகிறான், அனுப்பி வைத்தவனையே கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். திரும்பி வரும் பட்டனை அழுத்தினேன். இந்தத் தடவை சொன்ன பேச்சைக் கேட்டது. 6.04-க்கு என் காலடியில் வந்து இறங்கியது. செயற்கைக்கோள் மறுபடி பத்தொன்பது.

வீட்டுக்குப் போய்க் காய்ச்சல் என்று படுத்துவிட்டேன். மறுநாள் டீக்கடையில் ஒருவர், அந்தப் புயலால் லடாக்கில் இரவு வானமே சிவந்துபோன படத்தைப் போனில் காட்டினார். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வானத்தையே சிவப்பாக்கும் என்றால் என் திரையில் ஓர் உருவத்தைக் காட்டாதா என்ன? குன்றில் ஏறிப் பார்த்துவிடலாமா என்று ஒரு தரம் தோன்றியது. செயற்கைக்கோளே இல்லாமல் பறந்த ட்ரோன், அது நின்ற இடம் எதுவென்று யாருக்குத் தெரியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை மதியம், ஆடு மேய்க்கும் சின்னப்பொண்ணு என்ற அம்மாள் குட்டியைத் தேடிக்கொண்டு அந்தக் குன்றில் ஏறினார். இரண்டு உருண்டைப் பாறைகளுக்கு நடுவில் இருந்த ஆழமான இடுக்கில் எழிலன் கிடந்தான். மேலிருந்து எடுத்தால் ஏரி நன்றாகத் தெரியும் என்று செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறியிருப்பான். வேலை என்று வந்துவிட்டால் அப்படித்தான், சொன்னதைவிட ஒரு படி அதிகம் செய்வான். வழுக்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை பிரேதப் பரிசோதனை முடிந்து டாக்டர் வெளியே வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ரெண்டு தொடை எலும்பும் முறிஞ்சிருக்கு. விழுந்தப்பவே முறிஞ்சது. அதுக்கப்புறம் எழுந்து நின்னிருக்கவே முடியாது."

எனக்கு மூச்சு வந்தது. கேவலம்தான், ஆனால் உண்மை. அப்படியென்றால் நான் பார்த்தது அவனுடைய ஆவி. சனிக்கிழமை அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடியிருந்தாலும் பிணத்தைத்தான் தூக்கி வந்திருப்பேன்.

அத்தை பக்கத்தில் வந்து என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அழுது அழுது குரல் போயிருந்தது.

"எல்லாரும் கைய வுட்டுட்டாங்க. நீ ஒருத்தன்தாண்டா எம்புள்ளைய தேடுன. நீ நல்லா இருப்ப."

தலையை ஆட்டினேன். பெண்கள் அவரை அழைத்துக்கொண்டு போனார்கள். டாக்டர் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். சும்மா கேட்பதுபோலத்தான் கேட்டேன். உயிர் போய் ஒரு வாரம் இருக்குமா சார்?

"ஒரு வாரமா? இல்லப்பா. அந்த இடுக்குல சுனைத் தண்ணி இருந்திருக்கு. அதைக் குடிச்சே அத்தனை நாள் தாக்குப்பிடிச்சிருக்கார். ஞாயித்துக்கிழமை ராத்திரிதான் உயிர் போயிருக்கு."

நான் திரையைச் சாய்த்து மறைத்தது சனிக்கிழமை காலை.