கிழிக்காத தேதி

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்களில் ஆரணியில் ஒரு பட்டுச்சேலைக் கடையில் எனக்கு வேலை. கம்ப்யூட்டர் வாங்கினால் வெளிநாட்டு ஆர்டர் வரும் என்று முதலாளியை நச்சரித்து வாங்க வைத்தவள் நான்தான். அதனால் அது படுத்தால் பேச்சும் எனக்குத்தான்.

அது அடிக்கடி படுத்தது. கரண்ட் போய் வந்தால் தேதியை மறந்து எந்தக் காலத்துக்கோ போய்விடும். மெயில் அனுப்ப நானே எழுதிய புரோகிராமில் இதற்கு ஒரு வழி செய்தேன். காலையில் அது இன்றைய தேதியைக் கேட்கும். நாம் தட்டுகிற தேதியே அன்று போகிற மெயில்களில் எல்லாம் ஏறும். எனக்கு முன்பே வந்துவிடும் கணக்குப்பிள்ளை அந்த வேலையை ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பார்த்துத் தட்டுவார்.

அந்தக் காலண்டரை முதலாளி மட்டும்தான் கிழிப்பார். கடையைத் திறந்து, ஊதுபத்தி ஏற்றி, அப்புறம்தான் கிழிப்பார். ஒருமுறை அவர் மகன் கிழித்துவிட்டதற்கு அன்று முழுக்கக் கடையில் பேஜார்.

முதலாளி கண்ணமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் தங்கியிருந்தபோது சிங்கப்பூர்க் கடைக்காரர் போன் செய்தார். கத்திரிப்பூ நிறத்தில் கல்யாணச் சேலைகள் கேட்டிருந்தவர் அவர். அதற்காகத் தறியில் பாவு நூல்கூட ஏற்றியாகிவிட்டது. சேலை என்றைக்குக் கிடைக்கும் என்ற அவர் கேள்விக்கு நான் முந்தின இரண்டு நாளும் பதில் அனுப்பியிருந்தேன். ஒன்றுகூட வரவில்லை, சாயங்காலம் வேறு ஊரில் ஆர்டர் சொல்லிவிடப் போகிறேன் என்றார். இந்த ஆர்டர் போனால் கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடிவிட்டு என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நிமிர்ந்து பார்த்தேன். காலண்டரில் திங்கட்கிழமை. அன்றைக்கோ வியாழன்.

காலையில் என்ன தேதி தட்டினீர்கள் என்று கணக்குப்பிள்ளையைக் கேட்டேன். அவர் காலண்டரைக் காட்டினார்.

"முதலாளி ஊர்ல இல்ல. அவர் கிழிக்காம தேதி எப்படிம்மா மாறும்?"

அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. திங்கட்கிழமைத் தேதி போட்டுப் போன என் பதில்கள் அவர் பெட்டியில் பழைய மெயில்களோடு கீழே போய்ச் சேர்ந்திருக்கும். மேலே தேடாதீர்கள், கீழே போய்த் திங்கட்கிழமை வந்த மெயில்களுக்கு நடுவில் பாருங்கள் என்று போனில் கெஞ்சினேன். அங்கே மவுஸைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டும் இருக்கின்றன என்று சிரித்தார். ஆர்டர் தப்பியது.

அன்றே ஆளை வரவழைத்துக் கம்ப்யூட்டருக்குள் செத்துக் கிடந்த, கடிகாரத்தை ஓட்டும் சின்ன பேட்டரியை மாற்றினேன். தேதி கேட்கிற வரிகளை எடுத்துவிட்டு, புரோகிராமே கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பார்த்துப் போட்டுக்கொள்ளும்படி மாற்றி எழுதினேன்.

முதலாளி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் வெளியூர் போய்கினு வந்துகினு இருப்பேன். இனிமே நீயே கிழிச்சிடும்மா."

எனக்குச் சம்பளம் கூட்டியிருந்தால்கூட அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது. மறுநாள் நான் போகும்வரை கணக்குப்பிள்ளை பேனா மூடியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். நான் கிழித்தேன். அவர் கணக்கு நோட்டில் தேதி போட்டார்.